உடுப்பில்லாத ஊரும் தாழ்ப்பாள் இல்லாத வீடும்

என் தம்பி வேலைக்காக ஜெர்மனி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போன் செய்தால் முதலில் அம்மாவைத்தான் கேட்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், "அக்கா, நீ கொஞ்சம் தனியா வந்து பேசு" என்றான். மியூனிக்கில் கூட வேலை செய்பவர்கள் அவனை ஒரு சானாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மரப்பலகை அடித்த அறை, உள்ளே கொதிக்கிற சூடு. இவன் நீச்சல் டவுசரோடு நுழையப் பார்க்க, வாசலில் இருந்த அம்மாள் நிறுத்திவிட்டாராம். டவுசரைக் கழற்றிவிட்டு வா, துண்டு மட்டும் எடுத்துக்கொள், அதை விரித்து அதன்மேல் உட்கார், வியர்வை பலகையில் படக் கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. உள்ளே ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர், அதில் இவனுடைய டீம் லீடரும் ஒருவர்.

"யாருமே யாரையும் பாக்கலக்கா. நான் ஒருத்தன்தான் கூசிக்கிட்டு ஓரமா உட்கார்ந்திருந்தேன்."

அம்மணமாக இருக்கிற ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். அந்தப் பழமொழிக்குள்ளேயே ஒருவன் போய் உட்கார்ந்துவிட்டு வந்து பேசுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் போனை வைத்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் வெறும் ஆர்வம்தான். போகப் போக, தண்டையார்பேட்டையில் நாங்கள் வளர்ந்த வீட்டைப் பற்றியே யோசிக்க வைத்துவிட்டது.

முதல் சிக்கல் சொல்லில் இருக்கிறது. நியூடிசம் என்றும் நேச்சுரிசம் என்றும் மேற்கில் சொல்வதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. நம்மிடம் இருப்பவை அம்மணம், நிர்வாணம், முண்டக்கட்டை. மூன்றையும் நாம் திட்டுவதற்குத்தான் எடுக்கிறோம். இத்தனைக்கும் அம்மணம் என்ற சொல்லே அமணரிலிருந்து, அதாவது ஆடை துறந்த சமணத் துறவிகளிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. நிர்வாணம் பௌத்தர்களுக்கு ஆசை அணைந்த நிலை. ஒரு காலத்தில் உயர்ந்ததைக் குறித்த சொல் தெருச் சண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'பிறந்த மேனி' ஒன்றில்தான் கொஞ்சம் கனிவு மிச்சம் இருக்கிறது.

சரி, அது என்ன? விருப்பப்பட்டவர்கள் ஓர் இடத்தில் கூடி, ஆடையில்லாமல், அன்றாடம் செய்கிற சாதாரண வேலைகளைச் செய்வது. நீந்துவார்கள், பந்து விளையாடுவார்கள், சமைப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், தூங்குவார்கள். இதற்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு 1953இல் பிரான்சின் மோந்தாலிவே என்ற கடலோர ஊரில் தொடங்கியது. 1974இல் அது ஒரு விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. இயற்கையோடு இசைந்த ஒரு வாழ்க்கை முறை இது. சேர்ந்து நிர்வாணமாக இருப்பது இதன் அடையாளம். தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிக்கப் பழகுவது இதன் நோக்கம் என்பது அதன் சாரம். அதில் உடலுறவுக்கு இடமே இல்லை. தன் உடம்பைக் காட்டி அடுத்தவரை அதிர வைக்கிறவனையும் இவர்களையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய தவறு. அவனுக்குப் பார்க்கிறவர் பதற வேண்டும். இங்கே யாராவது பதறினால் அந்த இடமே கெட்டுப்போகும்.

அதனால்தான் இவர்களிடம் விதிகள் அதிகம். நமக்கு ஆச்சரியமாக இருக்கும். துணியைக் கழற்றிய இடத்தில் கட்டுப்பாடும் கழன்றுவிடும் என்றுதானே நினைக்கிறோம்? அங்கே நேர்மாறு. உற்றுப் பார்க்கக் கூடாது. கேமரா, போன் வெளியே எடுக்கக் கூடாது. கேட்காமல் தொடக் கூடாது. காமக் குறிப்போடு ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். தனியாக வருகிற ஆண்களுக்குப் பல சங்கங்களில் வரம்பு உண்டு. பெண்களும் குடும்பங்களும் சங்கடப்படாமல் வர வேண்டும் என்பதற்காக. பல இடங்களில் ஆடை அவரவர் விருப்பம், கழற்று என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, துண்டு. எங்கே உட்கார்ந்தாலும் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். நாற்காலியோ பெஞ்சோ புல்வெளியோ, தோளில் ஒரு துண்டு இல்லாமல் ஒரு நேச்சுரிஸ்ட் நடமாட மாட்டார். சுத்தத்துக்காக வந்த பழக்கம், பார்த்தால் மரியாதையின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. வடசென்னையில் ஒரு பெண் நைட்டியோடு பால் வாங்கப் போக வேண்டுமென்றால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறாள். நைட்டி கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிறது. புடவையில் இடுப்பு தெரியும், அதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் முழுக்க மூடிய நைட்டிக்குத்தான் துண்டு வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை. நான் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறேன் என்று தெருவுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். மியூனிக் சானாவில் பலகைமேல் விரித்த துண்டு சொல்வதும் அதையேதான்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 'டெக்ஸ்டைல்ஸ்' போர்டுகள். நேச்சுரிஸ்டுகள் ஆடை உடுத்துகிறவர்களுக்கு வைத்திருக்கிற பெயரும் 'டெக்ஸ்டைல்' தான். இந்தக் கடற்கரை டெக்ஸ்டைல், அந்தக் கடற்கரை நம்முடையது என்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்தப் பகுதியைவிட டெக்ஸ்டைலான ஊர் இருக்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இந்த மணல்கரையைத் தேர்ந்தெடுத்ததே பக்கத்தில் துணி மலிவாகக் கிடைத்ததால். அந்தத் துணியை வெளுக்க வந்தவர்களால் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் காலடிப்பேட்டை, கவர்னர் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். பெரம்பூர் பின்னி மில்லின் காக்கி எத்தனையோ பேர் முதுகில் ஏறியது. துணியால் பிறந்து துணியால் பிழைத்த ஜனம் நாங்கள்.

துணியில்லாத கூட்டம் பிறந்த இடமும் இதேபோல ஒரு தொழிற்சாலைப் பகுதிதான் என்பது தெரிந்தபோது கொஞ்சம் நெருக்கம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் நகரங்கள் புகையாலும் நெரிசலாலும் திணறிக்கொண்டிருந்தன. வெளிச்சம் வராத வீடுகள். பிள்ளைகளுக்கு எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்குக் காசநோய். அதற்கு மாற்றாகச் சைவ உணவு, மது விலக்கு, திறந்தவெளி உடற்பயிற்சி என்று ஒரு வாழ்க்கைச் சீர்திருத்த அலை எழுந்தது. இறுக்கமான உடைகளைக் கழற்றிவிட்டு வெயிலில் நிற்பது அதன் ஒரு கிளை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃப்ரைகோர்பர்குல்ட்டுர்', விடுபட்ட உடலின் பண்பாடு. சுருக்கமாக எஃப்.கே.கே. அப்போதைய மருத்துவமும் வெயிலின் பக்கம் இருந்தது. 1903இல் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையில் ரோலியே என்ற மருத்துவர் காசநோயாளிகளை வெயிலில் படுக்க வைத்து மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அதே ஆண்டு, ஒளியைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்திய டேனிஷ் மருத்துவர் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1920களில் பெர்லினில் அடோல்ஃப் கோக் என்ற பள்ளி ஆசிரியர் இதைத் தொழிலாளர் குடும்பங்களிடம் கொண்டுபோனார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சீமான்களின் பொழுதுபோக்காக நின்றுவிடாமல், தொழிலாளிகளின் உடல்நலமாக அவர் இதைப் பார்த்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர்களின் தலைவர்களில் ஒருவரான கோயரிங் தடை போட்டார். போருக்குப் பிறகு மீண்டும் தழைத்தது. கிழக்கு ஜெர்மனியின் பால்டிக் கடற்கரைகளில் குடும்பம் குடும்பமாக ஆடையின்றிக் குளிப்பது சர்வ சாதாரணமாகிப்போனது. பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் வேறு வேறு வழியில் இதை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் 1980இல் தன் கடற்கரையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியது.

இதற்கெல்லாம் முன்பே இந்தியாவில் ஒன்று நடந்திருக்கிறது. 1891இல், பம்பாய்க்குப் பக்கத்துத் தாணேயில், சார்லஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதி ஒரு நிர்வாணச் சங்கம் தொடங்கினார். இப்படிப்பட்ட சங்கங்களில் உலகிலேயே முதலாவதாக அறியப்படுவது அதுதான். உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர். இங்கிலாந்தில் இருந்த எட்வர்ட் கார்ப்பெண்டர் என்ற எழுத்தாளருக்கு இதைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களால்தான் விஷயமே வெளியே தெரிந்தது. மறு வருடமே அவரை ரத்னகிரிக்கு மாற்றிவிட்டார்கள், சங்கமும் முடிந்துபோனது. நம் வெயிலும் நம் குளங்களும் ஒரு வெள்ளைக்கார நீதிபதிக்குக் கொடுத்த சுதந்திரம் அது. பங்களாவுக்கு வெளியே காவலுக்கு ஆள் நிற்க, உள்ளே கழற்றலாம். அந்தக் காவல் ஆளுக்கு அது வாய்த்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆடை துறந்தவர்கள் நமக்குப் புதிதில்லையே என்று சிலர் கேட்கலாம். திகம்பர முனிவர்கள் இருக்கிறார்கள், நாகா சாதுக்கள் இருக்கிறார்கள். கோவணத்தோடு அலைந்த பட்டினத்தாரின் சமாதி எங்கள் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. சின்ன வயதில் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் காந்தி மேலாடையை விட்டார். ஆனால் இவர்கள் எல்லோரும் எதையோ துறந்தவர்கள். உடல் பொய் என்றோ, ஏழைக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்றோ கழற்றினார்கள். நேச்சுரிஸ்ட் எதையும் துறப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். உடல் பொய் என்று அவர் சொல்வதும் இல்லை. உடல் நல்லதுதான், இருக்கிறபடியே போதும் என்கிறார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் வேர் வேறு. நம் மரபிலேயே இது இருக்கிறது என்று இழுத்துக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடல் இருக்கிறபடியே போதும் என்பதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. கியோன் வெஸ்ட் என்ற உளவியலாளர் பிரிட்டனில் 849 பேரிடம் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார். இத்தகைய கூடல்களுக்கு அதிகம் போகிறவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி நல்ல எண்ணத்தோடும் வாழ்க்கையில் அதிக நிறைவோடும் இருந்தார்கள். தன்னம்பிக்கை உள்ளவர்கள்தான் முதலில் போகிறார்களோ என்ற கேள்வி அதில் உண்டு. ஆனால் காரணத்தை ஊகிக்க முடிகிறது. கடையில் தினம் பார்க்கிறேன். பொம்மைக்கு மாட்டிய சுடிதாரைப் பார்த்து ஆசையாக எடுப்பார்கள், டிரையல் ரூமிலிருந்து வரும்போது முகம் வாடியிருக்கும். "எனக்கு இது செட் ஆவாது." சுடிதார்மேல் யாரும் குறை சொல்வதில்லை, தன் உடம்புமேல்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அறுபது வயதுக்காரரின் தொங்கிய வயிற்றையும், பிள்ளை பெற்றவளின் வரிகளையும், அறுவைத் தழும்பையும், வெண்புள்ளியையும் யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிற ஓர் இடத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால், அந்த டிரையல் ரூம் முகம் கொஞ்சம் மாறும் என்றே நம்புகிறேன்.

இந்தியாவில் இதற்குச் சட்டத்தில் என்ன இடம்? பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருகிறபடி ஆபாசமாக நடந்துகொண்டால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எது ஆபாசம் என்பதில் நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கின்றன. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி இருக்கிற ஒரு படத்தை இந்தியப் பத்திரிகைகள் வெளியிட்ட வழக்கில், நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் கேரள உயர் நீதிமன்றமும் ஒரு பெண்ணின் மேலுடல் திறந்திருப்பதையே ஆபாசமாகக் கருத முடியாது என்றது. இவையெல்லாம் படத்துக்கும் பேச்சுக்கும் கிடைத்த இடம். காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடற்கரையில் துண்டு விரிக்கக் கிடைத்த அனுமதி இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஆடை குறைந்த உடம்பைப் பார்க்காமல் ஒரு நாளும் போவதில்லை. காசிமேட்டில் விடிகாலையில் கடலிலிருந்து வந்தவர்கள் டிரம் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள். குளித்து முடித்து, உலர்ந்த லுங்கியைத் தலைவழியே போட்டு, அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை அவிழ்த்து உதறி, ஒரு நிமிடத்தில் கட்டி முடிப்பார்கள். நூறு பேர் நடமாடுகிற இடம். ஒரு விரல் அளவுகூட வெளியே தெரியாது. சுற்றி இருக்கிறவர்களும் ஐஸ் பெட்டியையோ படகையோ பார்ப்பார்களே தவிர அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். பார்க்காமல் இருக்கிற இந்த மரியாதையை எங்களுக்கு யாரும் விதி போட்டுச் சொல்லித்தரவில்லை. மோந்தாலிவேயில் போர்டு எழுதி வைக்கிற ஒழுக்கம் இங்கே இடநெருக்கடியிலிருந்து தானாக வந்திருக்கிறது.

வேறு விதமும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவர் சட்டையைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்துவிட்டு வெறும் ஜட்டியோடு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி இறக்குவதைத் தடுக்கிறது. அவர் உடம்பும் அம்மணம்தான். அதை எந்தப் பண்பாட்டுப் பெயராலும் என்னால் அழைக்க முடியாது.

இங்கேதான் எனக்கு மேற்கத்திய விளக்கங்கள் போதாமல் போகின்றன. கழற்றுவது விடுதலை என்கிறார்கள். கழற்றுவதா உடுத்துவதா என்று தீர்மானிக்கிற இடத்தில் இருப்பவருக்கு அது உண்மை. நம் சரித்திரத்தில் அந்தத் தீர்மானம் எல்லோர் கையிலும் இருந்ததில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்று சாதி சொன்னது. மூடியவர்களின் ரவிக்கைகளைத் தெருவில் கிழித்தார்கள். தலைமுறைகள் தாண்டி நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல்தான் மன்னர் இறங்கிவந்தார். இங்கே கோட்டையில் இருந்த சென்னை கவர்னர் ட்ரெவெலியன் கொடுத்த நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம். அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை தொடர்ந்தது. அடிபட்டு உதைபட்டு வாங்கிய சீலையை, அது வெறும் கட்டுப்பாடு, கழற்றிப் போடு என்று ஒருவர் சுலபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாணேயின் நீதிபதி துணியைக் கழற்றி மகிழ்ந்ததற்கு முப்பத்திரண்டு வருடம் முன்னால் நடந்தது இது.

அதற்காக நேச்சுரிசத்தை நான் தள்ளவில்லை. அதன் விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தால் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: என் உடம்பை நான் சம்மதிக்காமல் யாரும் பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. தோள்சீலைக்காரிகள் கேட்டதும் அதேதான். அது உறுதியான பிறகுதான் துணி இருப்பதும் இல்லாததும் ஒருவருடைய சொந்த விஷயமாகிறது. இன்றைக்கு நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்த உறுதி துணிக்கடை டிரையல் ரூமில்கூடக் கிடையாது. உள்ளே போனதும் கண்ணாடியின் ஓரத்தையும் கொக்கியையும் சுவரில் இருக்கிற ஆணி ஓட்டையையும் தடவிப் பார்க்கிறாள், எங்காவது கேமரா இருக்குமோ என்று. ஒளிந்திருந்து படமெடுப்பதற்கு முதல் தடவையே ஒன்று முதல் மூன்று வருடம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. தடவிப் பார்க்கிற விரல் இன்னும் நிற்கவில்லை. அது நிற்காத வரைக்கும் இங்கே ஒரு நிர்வாணக் கடற்கரையைப் பற்றிப் பேசுவது அவசரம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். திட்டும் என்று நினைத்தேன். வெற்றிலையை மென்றபடி முழுதாகக் கேட்டது.

"இன்னாடி சொல்ற, பொம்பளைங்களும் அப்டியே உக்காந்திருப்பாங்களா? யாரும் ஒண்ணும் பண்ண மாட்டானுங்களா?"

"மாட்டாங்களாம் ஆயா. பாக்கவே மாட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "அப்ப நல்ல எடம்தான்."

நாங்கள் இருந்தது ஆறு குடித்தனம் சேர்ந்த லைன் வீடு. பின்கட்டில் ஓர் அடிபம்பு. அதை ஒட்டி மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் ஃபிளெக்ஸைக் கிழித்துக் கட்டிய மறைப்பு. மேலே கூரை இல்லை, எதிர்வீட்டு மாடியில் நின்றால் தெரியும். அம்மா விடிகாலை நாலு மணிக்கு, ஆண்கள் எழுந்திருக்கும் முன்னால், பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்கும். பாவாடைக்குள்ளேயே சோப்பு, பாவாடைக்குள்ளேயே தண்ணீர், ஈரப் பாவாடையின் மேலேயே அடுத்த பாவாடையைப் போட்டு உள்ளதை நழுவ விடும். குடத்தோடு வெளியே நிற்பது என் வேலை, யாராவது வந்தால் இருமுவதற்கு. கல்யாணமான நாளிலிருந்து அம்மா ஒரு நாளும் வேறு மாதிரி குளித்ததில்லை.

மூன்று வருடம் முன்னால் எங்களுக்கு வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. சின்ன வீடுதான். ஆனால் உள்ளேயே குளியலறை, நாலு சுவர், மேலே தளம், உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். குடிபோன மறுநாள் காலை அம்மா உள்ளே போனது வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் சத்தமும் கேட்கவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"இரு, வரேன்" என்றது.

வெளியே வந்தபோது தலை துவட்டிய துண்டு தோளில் கிடந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோது ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், முப்பது வருடம் ஆகிவிட்டது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னது: "அந்தத் தையல் இவ்ளோ நீளம்னு எனக்குத் தெரியவே தெரியாது."